நூற்று நாற்பத்து மூன்று பச்சை டிக்

கப்பல் கம்பெனிக்காரர்களுக்கு என்ன, மூன்று வரியில் ஒரு மின்னஞ்சலைத் தட்டிவிட்டார்கள். ஊழியர் குடும்பங்களுக்கான இணையப் பக்கத்தை வருகிற வெள்ளிக்கிழமையோடு மூடுகிறார்களாம். வேண்டியதை அதற்குள் இறக்கிக்கொள்ள வேண்டுமாம். அதைப் படித்த தையல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செத்துப்போன அவள் புருஷனின் பேச்செல்லாம் அந்தப் பக்கத்தில்தான் கிடந்தது.

அவன் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன். வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று வீடியோவில் பேசி அங்கே ஏற்றிவிடுவான். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் நடுக்கடலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அதற்கப்புறம் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தவளில்லை. திறந்தால் தாங்கமாட்டோம் என்று பயம். எங்கே ஓடிவிடப் போகிறது, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மகளுக்கு அப்போது மூன்று வயது. ஓயாமல் பேசுவதால் அவளுக்கு வாயாடி என்றே பேர் நிலைத்துவிட்டது. அப்பா முகம் போட்டோவில் தெரியும், குரல் சுத்தமாக மறந்துபோயிற்று. போன மாசம் ஒருநாள், "அப்பா எப்படிம்மா பேசுவாரு?" என்று கேட்டுவிட்டாள். தையல்காரி, "உன் பிறந்தநாளுக்குக் காட்டுறேன்டி" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். பிறந்தநாள் சனிக்கிழமை.

வீட்டு இன்டர்நெட்டோ பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் உயிரை விடும். அதனால் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கொழுந்தனைக் கூப்பிட்டாள். புதன்கிழமை காலையில் அவன் வந்து டவுன்லோட் மேனேஜர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான்.

"சும்மா இறக்கினா லைன் போறப்பல்லாம் மொதல்லேருந்து ஆரம்பிக்கும் அண்ணி. இது விட்ட எடத்துலேருந்து பிடிச்சுக்கும். ஒவ்வொண்ணா இறங்குற மாதிரி வெச்சிருக்கேன், நம்ம லைனுக்கு அதுக்கு மேல தாங்காது."

"வரிசையை மாத்தலாமா தம்பி?"

"மவுஸால இழுத்து எங்க வேணா விடுங்க."

ஒரே ஒரு வீடியோவை மட்டும் அவள் பட்டியலின் கடைசிக்கு இழுத்து விட்டாள். தேதியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது அவர்கள் சண்டை போட்ட நாள். அதை யாருக்குப் பார்க்கப் பிடிக்கும்? ஆனாலும் அடியோடு விட்டுவிட மனசு வரவில்லை, அவன் குரலாயிற்றே.

கொழுந்தன் கடைக்குப் போய்விட்டான். முதல் வீடியோ இறங்கி முடிந்து இரண்டாவது தொடங்கும்போது, திரையில் ஒரு சின்னக் கட்டம் முளைத்து என்னவோ கேட்டது. வாசலில் கோட்டு வாங்க வந்த ஆள் குதித்துக்கொண்டிருந்தான். தைத்துக்கொண்டிருந்த கையைத் துணியிலிருந்து எடுக்காமலே கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"அதே பேருல ஒண்ணு ஏற்கெனவே இருக்கு, என்ன செய்யன்னு கேக்குது தம்பி."

"ஓகே குடுங்க அண்ணி. இங்க ஒருத்தன் என் உயிரை வாங்குறான்."

கொடுத்தாள். மூன்றாவதற்கும் கேட்டது. அட, இதென்ன நச்சரிப்பு! கட்டத்தின் அடியில், எல்லாவற்றுக்கும் இதையே செய், மறுபடி கேட்காதே என்று ஒரு வரி இருந்தது. அதில் டிக் போட்டாள். அதன் பிறகு அது வாயே திறக்கவில்லை.

இரண்டு நாளும் ஒரு கண் ஊசியில், ஒரு கண் திரையில். லைன் போகும்போதெல்லாம் ஊசியை அப்படியே விட்டுவிட்டுத் திரைக்கு ஓடுவாள். திரும்ப வந்ததும் மேனேஜர் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும். "என் ராசா, நல்லா இருப்பே" என்று அந்த மென்பொருளைக் கொஞ்சினாள். வெள்ளி மத்தியானம் கடைசியும் முடிந்தது. பட்டியலில் நூற்று நாற்பத்து மூன்று பச்சை டிக். ஒன்றைக்கூட அவள் திறந்து பார்க்கவில்லை. தனியாகப் பார்க்கத் தைரியமில்லை, மகளோடு சேர்ந்தே பார்ப்போம் என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில், புது கவுன் போட்ட வாயாடியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு வீடியோ இருந்தது.

வேறு எங்கேயாவது போயிருக்கும் என்று அங்கே தேடினாள், இங்கே தேடினாள். மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கொழுந்தனை வரவழைத்தாள். அவன் பார்த்தான். அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"கம்பெனிக்காரன் எல்லா வீடியோவுக்கும் ஒரே பேரு வெச்சிருக்கான் அண்ணி. பழசு மேலயே புதுசை எழுதட்டுமான்னுதான் அது கேட்டிருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு எழுதி எழுதி... கடைசியா இறங்கினதுதான் மிச்சம்."

எதை எதையோ போட்டு மத்தியானம் வரை தோண்டிப் பார்த்தான். கிடைத்த துண்டுகள் எதுவும் ஓடவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தால், பக்கத்தை மூடியாச்சு, எல்லாம் அழிச்சாச்சு என்றார்கள்.

"நான்தானே அண்ணி ஓகே குடுக்கச் சொன்னேன். என்னைச் செருப்பால அடிங்க."

"நீயா அமுக்கினே? என் கைதானே அமுக்குச்சு" என்றாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. நூற்று நாற்பத்து இரண்டு தடவை தன் கையாலேயே அவனை அழித்திருக்கிறாள், பாவி. அதுவும் ஒவ்வொரு பச்சை டிக்குக்கும் சந்தோஷப்பட்டுக்கொண்டே.

கொழுந்தன் போன பிறகு வாயாடி ஓடிவந்து நாற்காலியில் ஏறிக்கொண்டாள். "ஒண்ணு இருந்துச்சே, அதையாவது காட்டும்மா" என்று பிடித்த பிடியில் நின்றாள். வேறு வழியில்லை. தையல்காரி கண்ணை மூடிக்கொண்டு அதை ஓடவிட்டாள்.

"மூணு நாளா அடிக்கிறேன், போனை எடுக்க மாட்டேங்குறே. ஆறு மாசம் கூடுதலா கப்பல்ல இருக்கணும்னா என்ன, ஆசைப்பட்டா இருக்கேன்? உனக்கே இவ்வளவு ரோஷம்னா எனக்கு இருக்காதா? இனிமே நான் பேசவே மாட்டேன், போ."

அவ்வளவுதான், பன்னிரண்டு வினாடி.

வாயாடி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "இதுவா அப்பா குரல்?"

"ஆமாண்டி."

"யாரைம்மா திட்டுறாரு?"

"என்னைத்தான்."

"அப்புறம் பேசவே இல்லையா?"

"உங்கப்பாவா, பேசாம இருப்பாரா? மறுநாளே வந்துட்டாரே! ரெண்டு காதையும் பிடிச்சுக்கிட்டு, மன்னிச்சுக்கோ மன்னிச்சுக்கோன்னு ஒரே கெஞ்சல். அப்புறம் கரண்டியை மைக் மாதிரி பிடிச்சுக்கிட்டு உனக்குன்னு ஒரு பாட்டு வேற, முழுசா பாடினாரு." தன்னை மறந்து சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

மகளின் முகம் மலர்ந்தது. நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அதைப் போடும்மா."