படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறை

பல்கலைக்கழகத்தின் பழைய மொழித்துறைக் கட்டடத்தைப் பசுமையாக்கிப் புதுப்பித்தார்கள். இடிக்க முடிந்த சுவரையெல்லாம் இடித்து, கண்ணாடியும் நூற்றுப்பத்துச் செடித்தொட்டிகளும் வைத்தார்கள். மாணவர்களைக் கேட்டார்கள், பேராசிரியர்களைக் கேட்டார்கள், செடிக்கு எவ்வளவு வெயில் வேண்டும் என்றுகூட ஆளைக் கூட்டிவந்து கேட்டார்கள். துப்புரவு செய்யும் பொங்சுன்னை மட்டும் யாரும் கேட்கவில்லை. படிக்கட்டுக்குக் கீழே இருந்த பொந்து மாதிரி அறையில்தான் பதினோரு வருடமாக அவள் சாப்பிட்டாள், முதுகைச் சாய்த்தாள். அந்தச் சுவரும் போய்விட்டது.

"வேற இடம் பாத்துட்டிருக்கோம்க்கா," என்று மேனேஜர் பியோன் நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு மாதமாக அவள் கழிப்பறைத் தடுப்புக்குள் நின்றபடியே சாப்பிட்டாள். உடம்புக்கும் உட்கார இடமில்லை, மனசும் ஓரிடத்தில் நிற்கவில்லை.

திறப்பு விழா நாள். குளிர் எலும்பைத் தொட்டது. விடிந்ததிலிருந்து துடைத்துத் துடைத்து இடுப்பு விட்டுப்போயிற்று. "வர்றது வரட்டும்," என்று கூட வேலை செய்யும் ஜொம்சுக்கை இழுத்துக்கொண்டு போய், பழைய இடத்திலேயே தன் மின்பாயை விரித்துச் சூடேற்றினாள். இருவரும் பாய் ஓரத்தில் செருப்பைக் கழற்றி வைத்து உட்கார்ந்தார்கள். டப்பாவைத் திறப்பதற்குள் பியோனிடமிருந்து போன்: மூன்றாம் மாடியில் தொட்டி கவிழ்ந்துவிட்டதாம். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினார்கள்.

கழற்றி வைத்த செருப்பைக் கண்டால் தன் செருப்பையும் கழற்றாமல் பாயில் ஏற அந்த ஊரில் யாருக்கும் கால் வராது. இரண்டு ஜோடியைப் பார்த்து ஒரு மாணவி கழற்றியிருக்கிறாள், அவளைப் பார்த்து இன்னொருத்தன். அரை மணியில் இவர்கள் திரும்பி வந்தபோது முப்பது ஜோடி. பாய் நிறைந்து வழிந்தது. நடுவில் துணைவேந்தரே சம்மணமிட்டிருந்தார், காலுறையின் ஓட்டை வழியாகப் பெருவிரல் எட்டிப்பார்த்தது.

"கீழே சூடு வச்சது அருமையான யோசனை," என்றார் அவர்.

"பிளான் போடறப்பவே நினைச்சோம் சார்," என்றார் பியோன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"இடம் குடுத்தா மடத்தைப் புடுங்குவாங்கன்னு சொல்வாங்க," என்று ஜொம்சுக் முணுமுணுத்தாள். "நாம இடமே குடுக்கலையேடி."

பொங்சுன்னின் சாப்பாட்டு டப்பாவை யாரோ செருப்புகளுக்கு நடுவே நகர்த்தி வைத்திருந்தார்கள்.  அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு, சேறு ஒட்டிய பூட்ஸோடு பாயில் ஏறினாள்.

"அம்மா, பூட்ஸு... கழட்டுங்க," மாணவி பதறினாள்.

"எதுக்கு? என் ரூமா இருந்தப்ப கழட்டினேன். சுவத்தை எடுத்துத் தெருவாக்கிட்டீங்க. தெருவுல யாரும்மா கழட்டுவா?"

பியோன் செடியைப் பார்த்தார். துணைவேந்தர் காலை இழுத்துப் பெருவிரலை மறைத்துக்கொண்டார்.

 பொங்சுன் பூட்ஸோடே உட்கார்ந்து, நாலு மாதத்துக்குப் பிறகு உட்கார்ந்தே சாப்பிட்டாள்.