பதினோரு அழைப்புகள்

பதினோராவது அழைப்பும் அதே எண்ணிலிருந்துதான் வந்தது.

"அந்தியூர்ல இருந்து செங்கோடன் பேசறேனுங்க. நாளைக்கு உக்கடத்துப் புள்ளைங்க ஆடற மேட்ச்சப் போடுங்க அம்மணி."

எங்கள் உள்ளூர் கேபிள் சேனலுக்கு இருப்பது ஒரே கேமரா வண்டி. பெண்கள் கால்பந்தின் இரண்டு அரையிறுதிகளும் ஒரே நேரத்தில், வேறு வேறு மைதானங்களில். மேனேஜர் கிருபாசங்கரின் விதி எளியது: எந்த ஆட்டத்தை அதிகம் பேர் கேட்கிறார்களோ, வண்டி அங்கே போகும். கூப்பிடுகிறவர்களின் பெயரையும் ஊரையும் எழுதுவது என் வேலை. மற்ற ஆட்டத்தில் ஆடும் கல்லூரி அணிக்குப் பத்துப் பேர். உக்கடத்துக்கும் இந்த அழைப்புக்கு முன் பத்துப் பேர்தான், ஆனால் பத்தும் ஒரே குரல்.

"ஏனுங்க, காத்தால அவிநாசி தம்பிதுரைன்னு சொன்னீங்களே?"

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"கோச்சுக்காதம்மா. எம் பேரு அமீர் ஹம்சா. கோல்கீப்பர் ஹிபா எம் பொண்ணு."

"கிரவுண்டு பக்கந்தானுங்களே? நேர்லயே போலாமே."

"டவுசர் போட்டு ஆடறதுன்னா எங்கூடப் பேசாதன்னுபோட்டேன். அவளும் நெசமாவே பேசறதில்ல. மூணு மாசமாச்சு. நா போனா அவ பாத்துருவா."

வைத்துவிட்டார். வீம்பையும் விடாமல் மகளையும் பார்க்க, ஒரு மனிதர் எத்தனை ஊர்களில் குடியிருக்க வேண்டியிருக்கிறது! கல்லூரி அணிக்காகக் கூப்பிட்ட பத்துப் பேர் ஒழுங்காக ஒருமுறை மட்டும் கேட்டிருந்தார்கள். அவர்களுக்கும் மகள்கள் இருப்பார்கள். அந்தப் பெயர்களைப் பார்க்காமலேயே செங்கோடனை எழுதினேன்.

கிருபாசங்கர் பட்டியலில் விரலை ஓட்டினார்.

"அந்தியூர்ல ஏதும்மா நம்ம கேபிளு?"

"மக ஊட்டுக்கு வந்திருக்காராமுங்க." பொய் இவ்வளவு சரளமாக எனக்கு வரும் என்று நினைத்ததில்லை.

"சத்தியமங்கலத்துக்காரரு?"

"அவரும்தானுங்க."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஊரு பூராவும் உக்கடத்துலயே மகள கட்டிக் குடுத்துருக்காங்களாட்ட. செரி, வண்டிய அனுப்பு."

மறுநாள் மாலை ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது. எதிரணியின் கடைசி உதை. அப்போது தொலைபேசி அடித்தது. அதே எண். எடுத்தேன். எங்கள் வர்ணனை மட்டும் அவர் வீட்டு டிவியிலிருந்து, சில விநாடி பிந்தி, ரிசீவருக்குள் கேட்டது.

என் முன்னால் இருந்த மானிட்டரில் ஹிபா இடப்பக்கம் பாய்ந்துவிட்டாள். முடிவு எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் டிவியில் எதிரணிப் பெண் இன்னும் பந்தைப் புள்ளியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கறயாம்மா?"

"இருக்கறேனுங்க" என்றேன்.