இடது கைக்குக் கால் இஞ்ச்

கோட்டு மாஸ்டர் கடைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் தோளை நிமிர்த்தி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பார்கள். அவரோ இஞ்ச் டேப்பைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே, "வாட்ச் எங்கே?" என்று கேட்பார். கழற்றிப் பைக்குள் போட்டவர்கள் மறுபடி எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். கோட்டுக் கை வாட்சின் மேல் ஏறி உட்காரவும் கூடாது, அதை முழுசாக விழுங்கவும் கூடாது. கையை நீட்டினால் எட்டிப் பார்க்கணும், மடக்கினால் ஒளிஞ்சுக்கணும் என்பார். அதற்காக இடது கையை மட்டும் கொஞ்சம் தளர்த்தி வெட்டுவார். சாதாரண வாட்சுக்கு நூலளவு போதும். கனமான வாட்சுக்குக் கால் இஞ்ச்.

இப்படி எத்தனையோ மணிக்கட்டுகளைப் பிடித்துப் பார்த்ததில் அவர் மனசில் ஒரு கணக்கு விழுந்திருந்தது. முதல் சம்பளம் வாங்கின பையன்கள் கையில் தண்ணீருக்கும் அடிக்கும் அசராத தடித்த ஸ்டீல் வாட்ச் இருக்கும். கடலையே பார்த்திருக்க மாட்டான், கட்டியிருப்பது முக்குளிக்கிறவன் வாட்சாக இருக்கும். கல்யாணக் கோட்டுக்கு வரும்போது அதே பையன் தோல் பட்டை, வெள்ளை டயல் என்று அடங்கியிருப்பான். உட்காருகிற நாற்காலி பெரிசாகிவிட்டால் தங்கம் வந்து ஏறும். வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பிள்ளைகள் வாங்கித் தருவது எடை குறைவாக, எண்கள் பெரிசாக இருக்கும். "கையைக் காட்டுங்க, வீட்ல என்ன விசேஷம்னு சொல்றேன்" என்று ஜம்பம் அடிப்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அவர் மனைவி வேலை பார்ப்பது துறைமுகத்தில், இழுவைப் படகில். மலை மாதிரி வந்து நிற்கும் கப்பலைக் கயிறு கட்டி இழுத்தும், மூக்கால் முட்டித் தள்ளியும் கரை சேர்க்கிற குட்டிப் படகு அது. அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர், நாற்காலி முள்ளாய்க் குத்துகிறது என்று சொல்லிவிட்டுக் கயிறு பிடிக்கிற வேலைக்குப் போனார். "பொம்பளைக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்ட சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள். மகளைப் பரீட்சைக்குப் படிக்க வைத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து தானும் படித்தார். கேப்டன் பரீட்சையில் ஒரு தடவை கோட்டைவிட்டு, மறுபடி எழுதினார்.

முடிவு வந்த அன்று மாஸ்டர் வாய் நிறைய குண்டூசி வைத்துக்கொண்டு ஒரு வக்கீலின் முதுகில் துணி பொருத்திக்கொண்டிருந்தார். போன் அடித்தது. "ஏங்க, பாஸ்" என்றது மனைவியின் குரல். மாஸ்டரால் கத்தவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. "ம்ம்! ம்ம்ம்!" என்று துள்ளினார். வக்கீல் பயந்துபோய், "என்னாச்சு மாஸ்டர், முழுங்கிட்டீங்களா?" என்றார். ஊசிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு, "என் வீட்டுக்காரி கேப்டன் ஆயிட்டா சார்! இந்தத் துறைமுகத்துலயே முதல் பொம்பள கேப்டன்!" என்று கத்தியதில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

பதவி ஏற்கும் நாளுக்குச் சீருடைக் கோட்டு வேண்டும். கருநீலத் துணியை மாஸ்டர் மேசையில் விரித்து, முதுகு, முன்பக்கம் எல்லாம் வெட்டினார். இடது கைக்கு வந்ததும் கத்தரிக்கோல் நின்றது.

"வாட்ச் எங்கே?" என்றார், வழக்கம்போல.

மனைவி கையை நீட்டினார். மகளின் பழைய ரப்பர் வாட்ச். பட்டையில் விரிசல். அவருக்கென்று ஒன்று இல்லாமல் இல்லை. கல்யாணத்துக்கு மாஸ்டரின் அக்கா பார்த்து வாங்கிய தங்க வாட்ச், பொட்டு அளவுதான் டயல். குழந்தையின் கன்னத்தில் கீறுகிறது என்று கழற்றி அலமாரிக்குள் வைத்ததோடு சரி.

"இந்த ரப்பருக்கெல்லாம் நான் கை வெட்ட மாட்டேன்" என்றார் மாஸ்டர். "நாளைக்குக் கிளம்பு. நல்ல வாட்சா வாங்குவோம்."

"எதுக்குங்க வீண் செலவு?"

"ஊருக்கெல்லாம் அவங்கவங்க வாட்சுக்குத் தச்சுக் குடுத்திருக்கேன். என் வீட்டு கேப்டனுக்குத் தைக்க மாட்டேனா?"

அந்த வாட்ச் கடையின் கதவே கனமாக இருந்தது. உள்ளே ஏ.சி. குளிரும் கண்ணாடிப் பெட்டிகளும். கையுறை போட்ட விற்பனைப் பெண் இருவரையும் உட்கார வைத்து, "என்ன விசேஷம்?" என்று விசாரித்தாள்.

"பதவி உயர்வும்மா."

"வாழ்த்துகள் சார்!" என்று சொல்லி அவள் ஆண்கள் வாட்ச் தட்டைக் கொண்டுவந்து மாஸ்டர் முன்னால் வைத்தாள்.

"எனக்கு இல்லம்மா. கேப்டன் இவங்க." பக்கத்து மேசையில் இருந்தவர்கள் காதில் விழவில்லையோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இழுவைப் படகு கேப்டன்!" என்று இன்னொரு தரம் சொன்னார். மனைவி மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தார்.

விற்பனைப் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தட்டை மாற்றினாள். மாஸ்டரின் விரல் நேராக ஒன்றில் போய் நின்றது. வழுவழுவென்று மெலிந்த தங்கம், டயலைச் சுற்றிச் சின்னச் சின்னக் கற்கள். கால் இஞ்ச் எல்லாம் வேண்டாம், நூலளவு விட்டால் போதும். கோட்டுக் கைக்கு வெளியே அது மின்னப்போவதை இப்போதே பார்த்துவிட்டார்.

"இதுதான். இந்த வயசுக்கு, இந்தப் பதவிக்குத் தங்கம்தான்."

மனைவி கட்டிப் பார்த்தார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு. ஆனா யாரோ ஒருத்தரோட கை மாதிரி இருக்கே" என்றார். பிறகு எழுந்து, கதவோரப் பெட்டியின் முன் போய் நின்றார். அங்கே இருந்தது ஒரு தடித்த ஸ்டீல் வாட்ச். கறுப்பு டயல், சுற்றிலும் திருப்புகிற மாதிரி ஒரு வளையம்.

"இத எடுங்க. உப்புத் தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதே? கையுறை போட்டுக்கிட்டு இந்த வளையத்தைத் திருப்ப முடியுமா?"

விற்பனைப் பெண் தன் கையுறையாலேயே திருப்பிக் காட்டினாள். மனைவியின் முகம் மலர்ந்தது.

மாஸ்டரின் முகம் சுருங்கியது. "இது வேலைக்குச் சேர்ற சின்னப் பசங்க மாட்டுறதும்மா. உனக்கு அம்பது ஆகுது."

"நானும் இப்பத்தானே கேப்டனா சேர்றேன்?"

"நாலு பேர் பார்க்கிற மேடை. தங்கம் போட்டாத்தான் மதிப்பு."

"மேடை அரை மணி நேரம். அப்புறம் படகுலதானே நிக்கணும்?"

இருவரும் வீம்பு பிடித்ததில் ஒன்றும் வாங்காமலே வெளியே வந்தார்கள். வீடு வரைக்கும் மாஸ்டர், தைத்துத் தைத்து நான் பார்க்காத வாட்சா என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே வந்தார்.

ஆனால் கோட்டைப் பொருத்திப் பார்க்க வேண்டுமே. மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஒட்டுத்தையல் போட்ட கோட்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு மாஸ்டரே துறைமுகத்துக்குப் போனார். இத்தனை வருஷத்தில் கரையிலிருந்து கையசைத்திருக்கிறாரே தவிர, படகில் கால் வைத்ததில்லை. அனுமதி வாங்கி ஏறினதும், "ஒரு கப்பல் வருது. அதை முடிச்சுட்டுப் போட்டுப் பாக்கலாம். அந்த மூலையில கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்றார் மனைவி.

வீட்டில் கேட்காத குரல் அது. மாஸ்டர் மறுபேச்சுப் பேசாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

தூறல் ஆரம்பித்தது. கப்பலின் பக்கவாட்டு இரும்பு, ஜன்னலே இல்லாத மாடிக்கட்டிடம் போல மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து கயிறு இறங்க, மனைவி தளத்துக்கு ஓடினார். கயிறு விறைத்த நொடியில் ரப்பர் வாட்சைப் பார்க்கப் போனார். கண்ணாடிக்குள் ஈரம் கோத்து எண்ணே தெரியவில்லை. பக்கத்து ஆளிடம் நேரம் கேட்டு, பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் கிறுக்கிக்கொண்டார். எதற்குத் தெரியுமா? இழுவை தொடங்கி எத்தனை நேரம் ஆனது என்பது கணக்கில் இருக்க வேண்டும், நீரோட்டம் திரும்புவதற்குள் கப்பலைத் திருப்பிவிட வேண்டும். அந்தக் கறுப்பு வாட்சின் வளையத்தை ஒரு தரம் திருப்பி வைத்தால் இந்தக் கணக்கை அதுவே காட்டியிருக்கும். ராத்திரி சாப்பிட உட்காரும்போது அவர் உள்ளங்கையில் மசிக் கறையைப் பார்த்துவிட்டு, "சின்னப்பிள்ளையா நீ? கையில எழுதாதேன்னா கேட்கிறியா?" என்று மாஸ்டர் எத்தனை தடவை சிரித்திருக்கிறார்!

மழையில் கறை வழிந்தது. மனைவி மறுபடி எழுதிக்கொண்டு மேலே ஏறி வந்து, பழைய கேப்டன் விலகி இடம் கொடுக்க, படகைத் திருப்புகிற இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தார். வாக்கி டாக்கியில் வந்த உத்தரவுகளுக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். அந்த ராட்சசக் கப்பல், சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி மெல்லத் திரும்பியது. மாஸ்டருக்கு, தான் கட்டியவள் இப்படி ஒரு ஆள் என்று தனக்கே இன்றைக்குத்தானே தெரிகிறது என்று வெட்கமாகவும் இருந்தது, மார்பு விம்மவும் செய்தது.

கப்பலைக் கரையில் கட்டின பிறகு கோட்டைப் போட்டுப் பார்த்தார்கள். தோள் கச்சிதம். இடது கை மட்டும் அளவுக்கு வெட்டாமல் தொளதொளவென்று தொங்கியது.

"இதை எப்ப வெட்டுவீங்க?"

"நாளைக்கு" என்றார் மாஸ்டர்.

கரையில் இறங்கினவர் நேரே அந்த வாட்ச் கடைக்குப் போனார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. விற்பனைப் பெண் அடையாளம் கண்டுகொண்டு, "அந்தத் தங்க வாட்சா சார்?" என்றாள்.

"இல்லம்மா. அந்தக் கறுப்பு."

"மேடம் ஜெயிச்சுட்டாங்களா?"

"நான் போய்ப் பார்த்துட்டு வந்தேன்" என்றார் மாஸ்டர்.

அன்று மாலை மனைவி பெட்டியைத் திறந்து பார்த்தார். வாட்சைக் கட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தார். தண்ணீருக்குள் கையை வேண்டுமென்றே ரொம்ப நேரம் வைத்திருந்தார். மாஸ்டர் கதவோரம் நின்று சிரித்தார். மறுநாள் இடது கையைக் கால் இஞ்ச் தளர்த்தி வெட்டினார்.

பதவி ஏற்ற கையோடு மனைவி முதல் கப்பலுக்குக் கிளம்பினார். மேடைக் கோட்டைக் கழற்ற நேரமில்லை. மாஸ்டரும் மகளும் கூட்டத்தோடு கரையில் நின்றார்கள். படகு நகர நகர மாஸ்டரும் முன்னால் நகர்ந்துகொண்டே போக, காவலாளி ஓடி வந்தார். "சார், மஞ்சக் கோடு தெரியலையா? கோட்டுக்குப் பின்னாடி நில்லுங்க!"

"அந்தக் கோட்டுக்குப் பின்னாடிதான்யா இத்தனை நாளும் நிக்கிறேன்" என்று படகைக் காட்டினார் மாஸ்டர். "நீலக் கோட்டு. நான் தச்சது. உள்ள இருக்கிறது என் வீட்டுக்காரி."

காவலாளி படகைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "கேப்டனம்மா வீட்டுக்காரரா நீங்க?" என்று கேட்டு, கோட்டின் மேலேயே நிற்க விட்டார். மகள், "அப்பா, அழாதீங்கப்பா, எல்லாரும் பாக்கிறாங்க" என்றாள். "பாக்கட்டும்" என்றார் மாஸ்டர். நின்றிருந்த மற்ற இழுவைப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கு ஊதின. அந்தச் சத்தத்தில் அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

கப்பலைக் கரையில் கட்டி முடித்து மனைவி இறங்கி வந்தபோது தலைமுடியெல்லாம் உப்பு.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் மாஸ்டர்.

"பசிக்குதுங்க."

மூவரும் துறைமுக கேன்டீனுக்குப் போனார்கள். தட்டு வாங்க நீளமான வரிசை. மாஸ்டர் வரிசையில் நின்றபடி முன்னால் நின்றவர்களுக்கு ஒவ்வொருத்தராகத் தோளைத் தட்டி விஷயத்தைச் சொல்லிக்கொண்டே போனார். மனைவி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் கடைசி ஆளுக்கும் சொல்லி முடிக்கும்வரை அவரைத் தடுக்கவும் இல்லை.