ஐந்தாம் துண்டு

விதானையார் பெனடிக்ற் கட்டிலுக்குக் கீழே போய்ப் பத்து நிமிடமாகியும் வெளியே வரவில்லை. திரைச்சேலைக் கிழிசல் வழியாக ஸுஹறாவுக்கு அவருடைய இரண்டு உள்ளங்கால்கள் மட்டுமே தெரிந்தன.

அந்தக் கட்டிலில்தான் இன்று விடிய, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, அவளுடைய கணவர் அபூசாலி மௌத்தானார். குளிப்பாட்டி வெள்ளைக் கபனிட்டு முன்கூடத்தில் கிடத்தியாகிவிட்டது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். கணவனை இழந்தவள் இருக்கும் இத்தாவுக்குள் போய்விட்டதால் ஸுஹறா அடுத்த அறையில், திரைக்குப் பின்னால் இருந்தாள். மரணச் சான்றுக்குக் கையொப்பம் வைக்க வந்த கிராம அதிகாரி ஏன் கட்டிலுக்குக் கீழே போனார் என்பது அவளுக்கு விளங்கவில்லை.

"சந்தேகமில்லைத் தம்பி," என்று கட்டிலுக்கடியிலிருந்து குரல் வந்தது. "கோடு நடுக்கட்டிலால போகுது. பாதிக் கட்டில் வீதியில கிடக்கு."

"என்ன வீதி சேர்? இது எங்கட வாப்பாட அறை," என்றான் மூத்த மகன் ஷிராஸ்.

பெனடிக்ற் தலையில் ஒட்டடையோடு ஊர்ந்து வந்தார். அரிப்பு ஊர்க்காரர், எருக்கலம்பிட்டிக்கு மாற்றலாகி வந்து நாலு மாதம்தான்.

"அறைதான். ஆனா பிரதேச சபை அங்கீகரிச்ச வரைபடத்தில வீதி. மூண்டு கிழமைக்கு முந்தி நானே சாட்சிக் கையொப்பம் வச்சனான். வீதியில செத்தா விசாரணை வேணும். பொலிஸ் வரும், ஆஸ்பத்திரியில அறுத்துப் பாப்பினம். உடம்பை நாளைக்குத்தான் தருவினம்."

"நித்திரையில போன மனிசன் சேர்!"

"நான் அறிவன். கடுதாசி அறியாதே."

அறுத்து என்ற சொல்லோடு ஸுஹறா திரைக்குக் கிட்ட நகர்ந்து வந்தாள். அபூசாலி ஊசி போடுவதற்கே கண்ணை மூடிக்கொள்ளும் மனிதர்.

நாற்பது பேர்ச் காணியை நாலு பிள்ளைகளுக்கு நாலு துண்டாக அபூசாலி பிரித்தபோது ஒரு சிக்கலும் இருக்கவில்லை. நாலு துண்டு வரைக்கும் பத்தடி பாதை போதும். சபையின் புத்தகத்தில் அதற்குப் பெயர் ஒழுங்கை. அது வீட்டுச் சுவரை உரசாமல் மரியாதையாகப் போனது. பிள்ளைகள் ஒரு வெள்ளிக்கிழமை கூடியிருந்து, வாப்பாவுக்குப் பிறகு உம்மா ஒவ்வொரு வீட்டிலும் மும்மூன்று மாதம் இருக்கலாம் என்று தீர்மானித்தார்கள். பன்னிரண்டு மாதமும் மிச்சமில்லாமல் அழகாகப் பிரிந்தது. அபூசாலி தேத்தண்ணி குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை நில அளவையாளரைத் திரும்பக் கூட்டிவந்து, பின்புறத்தில் ஐந்தாவதாக ஒரு துண்டு வெட்டினார். ஐந்து துண்டானால் ஒழுங்கை வீதியாகிவிடும். வீதிக்குப் பதினைந்தடி வேண்டும். கூடின ஐந்தடி சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து கட்டிலில் ஏறிப் படுத்தது. அளவையாளர் அறைத் தரையில் சிவப்புப் பெயின்றால் கோடு இழுத்தார், வெளியே எல்லை முளைகள் அடித்தார். சுவரை உடைக்கச் சபை ஆறு மாதத் தவணை கொடுத்தது. அன்றைக்கே ஒரு கழுதை வந்து அந்த முளைகளுக்கு நடுவில் படுத்தது. ஊரில் உள்ள வீதிகளையெல்லாம் விட்டுவிட்டு, இன்னும் போடாத வீதியில் படுத்த அந்தக் கழுதைக்கு வரைபடம் வாசிக்கத் தெரியும் என்று அபூசாலி சத்தியம் பண்ணுவார்.

ஐந்தாம் துண்டு ஆருக்கு என்று கேட்டால் சிரிப்பார். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்தபோது அங்கே ஒருத்தி இருந்திருப்பாள் என்று ஊர் கதைத்தது. அவர் மறுக்கவில்லை, "அவளுக்கொரு மகனும் இருக்கு, கப்பலில கப்டன்," என்று தன் பங்குக்குச் சேர்த்துவிட்டார். ஸுஹறாவும் சிரித்தாள். சிரித்துவிட்டுப் போய், கழுவின அரிசியைத் திரும்பக் கழுவினாள்.

"சேர், வாப்பா சுவர்ப் பக்கம்தான் படுக்கிறவர். ஆனா கடைசியில உம்மா இங்கால இழுத்தெடுத்தவ," என்றாள் மகள் றுமைஸா. "கால் வீதியில கிடந்தாலும் தலை எங்கட காணிக்குள்ள."

"அப்ப உயிர் காலால போனதா, தலையால போனதா?" என்று பெனடிக்ற் கேட்டார். அவர் பகிடி விடவில்லை. பேனையைத் திறந்து வைத்திருந்தார்.

முன்கூடத்தில் ஓதிக்கொண்டிருந்த பள்ளி லெவ்வையைக் கூப்பிட்டார்கள். அவர் விஷயத்தை இரண்டு தரம் கேட்டு, மூன்றாந்தரம் விளங்கிக்கொண்டார்.

"றூஹு காலில இருந்து ஏறித் தொண்டையால போறது. இதில சபைக்கு என்ன வேலை?"

"அப்ப தலை கிடந்த இடம்தான் இடம்," என்றார் பெனடிக்ற். "கண்ணால கண்ட சாட்சி ஆர்?"

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

"என்ட மடியில கிடந்தவர்," என்றாள் ஸுஹறா.

"நீங்கள் எங்கயம்மா இருந்தனீங்கள்?"

"கோட்டுக்கு இங்கால. என்ட பக்கத்தில."

"நல்லது. அப்ப துண்டு ஒண்டு, வீட்டுக்குள்ள. விசாரணை தேவையில்லை. சாட்சியின்ர முழுப் பேர்?"

சொன்னாள். பெனடிக்ற் எழுதப் போனவர் நின்றார். வரைபடத்தோடு இணைத்திருந்த பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினார்.

"இந்தப் பேர் இதிலயும் கிடக்கே. துண்டு ஐஞ்சு, ஆறு பேர்ச், முழு உரித்து. உங்களுக்குத் தெரியாதோ?"

ஷிராஸ் தரையிலிருந்த சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். றுமைஸா, "சேருக்குத் தேத்தண்ணி," என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். போனவள் தேத்தண்ணியோடு வரவில்லை.

அஸர் பாங்குக்கு முன்னமே மையத்தைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிவிட்டார்கள். முன் கேற்றில் சனம் முட்டிக்கொண்டு நின்றதால் முளையடித்த பாதையால் போனார்கள். பக்கத்துக்கு நாலு பேராய்ப் போகத் தாராளமாய் இடமிருந்தது. கழுதை எழும்பி வழிவிட்டது. சந்தூக் போன பிறகு அது படுக்கவில்லை.

பெண்கள் மெல்லக் கலைந்தார்கள். ஸுஹறா அறைக்கு வந்து ஜன்னலைத் திறந்தாள். இத்தா முடிய நாலு மாதமும் பத்து நாளும். அதுவரை வாசலைத் தாண்ட முடியாது. தூரத்தில், பின்வேலியோரம், நாலு வெள்ளை முளைகள் மணலில் நின்றன.

ஒன்று கொஞ்சம் சரிந்திருந்தது.

கட்டிலில் தன் பாதியில் சாய்ந்தாள். வீதியில் கிடந்த தலையணையை அவள் எடுக்கவில்லை.