சாயம் ஏறிய கை

நாடக அரங்கின் சிவப்புத் திரையை ஆஸ்பத்திரியின் வெள்ளைப் படுக்கை விரிப்புகளோடு ஒரே சலவை டிரம்மில் திணித்து மூடியவன், கூடத்தில் எல்லாரும் 'அவசரம்' என்று கூப்பிடும் ஆள்தான். திரையைத் தனியாகத் துவைத்தால் இன்னும் ஒரு மணி நேரம் பிடிக்கும், ஆறு மணி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு போய்விடும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. ஐந்தரைக்குக் கதவைத் திறந்தபோது நானூறு விரிப்புகளும் ரோஸ் நிறத்தில் வெளியே வந்தன. ஐந்தே முக்காலுக்குள் அத்தனையும் பழையபடி வெளுத்துவிட்டன. அந்த நிறம் முழுவதும் சூப்பர்வைசர் அக்காவின் வலது கையில், விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஏறியிருந்தது.

இடையில் நடந்தது இவ்வளவுதான். முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்து, இது யார் வேலை, அந்த ஆள் இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்றார். சலவைக்கூடத்தில் இருந்த பதினோரு பேரும் தரையைப் பார்த்தார்கள். அவசரம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் அக்கறையோடு பார்த்தான். அங்கே எத்தனை ஓடு உடைந்திருக்கிறது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வான். அக்கா ஈர விரிப்பு ஒன்றைக் கையில் எடுத்து, "என் தப்பு சார்" என்றார். சாயம் ஏறத் தொடங்கியது. முதலாளி அதைச் சற்று நேரம் பார்த்தார். விரிப்புகள் வெளுத்துவிட்டதால் மேற்கொண்டு பேச எதுவுமில்லை என்று மாடிக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்த பதினான்கு வருடத்தில் அக்காவின் மேல் ஏறாதது பாக்கியில்லை. நீதிபதியின் அங்கியில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தடம் முன்னங்கைக்கு முக்கோணமாக வந்தது. டாக்டரின் கோட்டிலிருந்த மை இடது காதுமடலுக்குப் போனது. சில நிறம் ஒரு வாரத்தில் மங்கும், சிலது தீர்மானமாகத் தங்கும். அக்காவின் கணவர் தையல்காரர். மாலையில் கதவைத் திறந்ததும் மனைவியின் முகத்துக்கு முன் கையைத்தான் பார்ப்பார். "இன்னைக்கு நீலமா? எந்த மகராசனோட கைங்கரியம்?" என்பார். அக்கா ஒரு பெயரும் சொன்னதில்லை. சலவைக்கூடத்திலோ, தப்பு செய்தவர்கள் அதை மூட்டைக்கு அடியில் ஒளிப்பதை நிறுத்தி, டிரம் நிற்பதற்குள் ஓடிவந்து தாங்களே சொல்ல ஆரம்பித்தார்கள். சொல்லாதவன் ஒருவன்தான். அந்தத் திரை தன் வேலை என்று அக்காவுக்குத் தெரியுமா தெரியாதா என்பது அவனுக்குத் தொண்டையில் மாட்டிய பொத்தானாக இருந்தது. வருடத்துக்கு ஒரு தடவை துணிந்து, "அக்கா, அந்தச் சிவப்புத் திரை..." என்று இழுப்பான். "டீ ஆறுது, குடி" என்பார். பிராயச்சித்தமாக அவன் ஜன்னலோர சீட்டை விட்டான். பதினான்கு வருடம் காலியான பஸ்ஸில்கூட நின்றுகொண்டே போனான். கண்டக்டர் அவனுக்கு மூலநோய் என்று முடிவு கட்டியிருந்தார்.

அக்கா ஓய்வு பெற்றதும் நிர்வாகம் டை கட்டிய ஒருவரை அனுப்பியது. நல்ல தலைவனுக்கு வேண்டிய ஒன்பது குணங்களை எழுதி உலர்த்தும் அறையில் ஒட்டியதால் அவருக்குப் பட்டியல் என்று பெயர் வந்தது. நீராவியில் மை கரைந்து நாலாவது குணத்திலிருந்து படிக்க முடியாமல் போனது. மூன்றாவது மாதம், சட்டைப்பையில் கிடந்த பச்சைப் பேனா ஒன்று டிரம்முக்குள் போய், இருநூறு மேஜை விரிப்புகள் பச்சையாயின. பைகளைப் பார்க்க வேண்டியவள் மடிப்புக்காரி. ஆறு மாதக் குழந்தையோடு ராத்திரி தூங்காமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தவள். அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. பட்டியல் ஒரு விரிப்பை எடுத்து, "என் தப்பு" என்று திருத்தமாகச் சொன்னார், ஓரக்கண்ணால் மடிப்புக்காரியைப் பார்த்துக்கொண்டே. பச்சை அசையவில்லை. உரக்கச் சொன்னார். பிறகு முதலாளியை போனில் பிடித்து, ஸ்பீக்கரைப் போட்டு டிரம்முக்குள் நீட்டினார்கள், அவரும் சொன்னார். விரிப்புகள் இன்னும் கொஞ்சம் பச்சையானதுபோல் இருந்தது. அப்படியானால் செய்த ஆளையே அனுப்பிவிடுங்கள் என்று அதே ஸ்பீக்கரில் குரல் வந்தது.

மடிப்புக்காரி ஏப்ரனை அவிழ்த்தாள். காலையில் அவள் மூட்டையின் மேல் சாய்ந்து தூங்கி வழிந்ததை அவசரம் பார்த்திருந்தான். எழுப்பியிருக்கலாம், அந்தப் பைகளைத் தானே பார்த்திருக்கலாம். டீ ஆறிவிடும் என்று தாண்டிப் போயிருந்தான். இப்போது தரையைப் பார்க்கலாமென்று குனிந்தான். உடைந்த ஓடுகள் அவனை அடையாளம் கண்டுகொண்டன. ஒரு விரிப்பை எடுத்து, "நான் பாத்தேன், பாத்துட்டுப் போயிட்டேன். என் தப்பு" என்றான். இருநூறும் வெளுத்தன. அவன் மீசை பச்சையானது. மடிப்புக்காரி ஏப்ரனை மறுபடி கட்டிக்கொண்டாள். பட்டியல் நோட்டைத் திறந்து பத்தாவது குணமாக 'மீசை' என்று எழுதி, யோசித்து, அடித்துவிட்டார். அடுத்த வாரம் டையைக் கழற்றி வைத்துவிட்டு வேறு ஊருக்குப் போனார். சூப்பர்வைசர் யார் என்று யாரும் அறிவிக்கவில்லை. எல்லாரும் அவசரத்திடமே வந்து கேட்டார்கள்.

ஆனால் அது பிறகு. மீசை மாறிய அன்று மாலையே அவன் அக்கா வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்த தையல்காரர் வழக்கப்படி கையைப் பார்த்து, ஒன்றும் இல்லாததால் மேலே பார்த்தார். "மீசைக்கா வந்துச்சு? யோகக்காரன்யா நீ. சிரைச்சுடலாம். இவளுக்கு அந்த வசதி இல்லை" என்று உள்ளே போனார். அக்கா ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். வலது கையில் ரோஸ் இன்னும் லேசாக இருந்தது.

"அக்கா, டீ வேண்டாம்" என்று அவன் முந்திக்கொண்டான். "அந்தத் திரை நான்தான். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்" என்றார் அக்கா. "நீ திணிச்சு மூடினதை வாசல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருக்கலாம். எனக்கும் அந்த ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்துச்சுடா."