ஆட்டமிழக்காத மாப்பிள்ளை

எங்கள் மைதானத்துப் பெவிலியன் ஒரு காலத்தில் குதிரை லாயம். பிறகு போர்க்கால ஆஸ்பத்திரி, அப்புறம் தானியக் கிடங்கு. இப்போது கீழே ஆட்டக்காரர்கள் உடை மாற்றுகிறார்கள், மாடி கல்யாணத்துக்கு வாடகைக்குக் கிடைக்கும். மழை பெய்தால் குதிரை வாசனை மட்டும் இன்னும் வரும்.

அன்று மாடியில் என் அத்தைக்குக் கல்யாணம். கீழே, போன வாரம் மழையால் நின்றுபோன ஆட்டம். இரண்டுக்கும் ஒரே நாளைக் கொடுத்த புண்ணியவான் கிளப் செயலாளர். இரண்டுக்கும் மாப்பிள்ளை வேண்டியிருந்தது.

மாப்பிள்ளைக்கு 'இதோ வரேன்' என்று பட்டப்பெயர். கடைசி ஆளாக மட்டை பிடிக்கப் போகும்போதெல்லாம் டீயை மூடி வைத்துவிட்டு அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போவார். டீ ஆறுவதற்குள் திரும்பியும் விடுவார். அன்றும் கல்யாணச் சட்டையோடு பேடு கட்டிக்கொண்டு, டீயை மூடி, அத்தையிடம் அதையே சொல்லிவிட்டு இறங்கினார்.

கிரிக்கெட்டால் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன கல்யாணம் அது. "இன்னைக்குக் கையெழுத்து விழலைன்னா எனக்குக் கல்யாணமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று அத்தை சொல்லியிருந்தாள். அத்தை சொன்னால் சொன்னதுதான்.

அன்று பார்த்து மாப்பிள்ளை அவுட் ஆகவில்லை. பந்தே மட்டையைத் தேடிவந்து பட்டது. தூக்கி அடித்ததெல்லாம் ஆளில்லாத இடமாகப் பார்த்து விழுந்தது. நான் ஸ்கோர் பலகைக்குப் பின்னால் நின்று தகர எண்களை மாட்டிக்கொண்டிருந்தேன். பத்து ரன்னைத் தொட்டதே இல்லை என்பதால் அவருக்கு எப்போதும் ஒரு தகரம் போதும். இரண்டாவது தகரத்துக்கான ஆணி துருப்பிடித்துக் கிடந்தது.

மாடியில் பதிவாளர் பேனாவை மூடினார். "எனக்கு அடுத்த கல்யாணம் இருக்கும்மா. அந்த மாப்பிள்ளை வந்து உக்காந்துட்டாராம்."

அந்த நேரம் பந்து மாப்பிள்ளையின் காலில் பட்டது. எதிரணி கத்தியது. அதைவிடச் சத்தமாக மாடியிலிருந்து பெண்வீட்டார் கத்தினார்கள்.

நடுவர் என் அப்பா, அத்தையின் அண்ணன். மாடியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

"நாட் அவுட்."

"நீயெல்லாம் ஒரு அண்ணனா?" என்று அத்தை கேட்டது மைதானம் முழுக்கக் கேட்டது.

"இங்க நான் அம்பயர்ம்மா!"

ஆட்டம் நடக்கும்போது வெளியாள் யாரும் எல்லைக் கயிற்றைத் தாண்டக்கூடாது. தண்ணீர் கொண்டுபோகிறவருக்கு மட்டும் விலக்கு. ஓவர் முடிந்ததும் அப்பா தண்ணீருக்குக் கை காட்டினார். வந்தது அத்தை. கையில் தண்ணீர்த் தட்டு. பின்னால், பதிவேட்டை மார்போடு அணைத்தபடி பதிவாளர்.

"சார், பிட்ச்சை மிதிக்காதீங்க!" என்று அப்பா அலறினார்.

குனிந்து நின்ற விக்கெட் கீப்பரின் முதுகுதான் மேசை.

"கையுறையையாவது கழட்டுங்க" என்றாள் அத்தை.

"இதோ..."

"அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க."

மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். அத்தை போட்டாள். ஒரு சாட்சி அப்பா. இன்னொரு சாட்சி, காலையிலிருந்து மாப்பிள்ளையை அவுட்டாக்க முடியாமல் நொந்துபோயிருந்த பந்துவீச்சாளர்.

அத்தை காலித் தட்டோடு கயிற்றைத் தாண்டினாள். அடுத்த பந்தில் மாப்பிள்ளையின் நடு ஸ்டம்பு பறந்தது.

"இதை அப்பவே பண்ணியிருக்கக் கூடாதா?" என்றாள், அவர் வந்து சேர்ந்ததும்.

"பந்தை எங்க பாத்தேன்? நீ போறதைத்தானே பாத்துட்டிருந்தேன்."

அத்தைக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை. மூடி வைத்திருந்த டீயை எடுத்து நீட்டினாள். அது சில்லிட்டுப் போயிருந்தது.

"குடிங்க."