சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு மேஜை

அவள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நிமிர்ந்தபோது, இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத வீட்டின் ஹாலில் சோபா போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் வீட்டுக்காரப் பெரியவர்.

முந்தின நாள் மாலை அவளும் மேஸ்திரியும் முளைக்குச்சி அடித்து, நூல் கட்டி, நூலின் தடத்திலேயே சுண்ணாம்புத் தூள் தூவிவிட்டுப் போயிருந்தார்கள். வெறும் மண்ணில் வெள்ளைக் கோடுகள். வீடு அவ்வளவுதான். ஆனால் எதிரே வாடகைக்கு இருந்த பெரியவரின் குடும்பத்துக்குப் பொறுக்கவில்லை. விடிந்ததும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்து குடியேறிவிட்டார்கள்.

"அய்யோ, அங்க மிதிக்காதீங்க, அது சுவரு!" என்று கத்தினாள் பெரியவரின் மூத்த மருமகள். "சுத்தி வாசல் வழியா வாங்க இன்ஜினியர்!"

எது சுவர் என்று இன்ஜினியருக்கே பாடம். ஆனாலும் அவள் சுற்றிக்கொண்டு போனாள். வாசலுக்கு விட்டிருந்த இடைவெளியில் நின்று காற்றில் இரண்டு தட்டு தட்டினாள்.

"திறந்துதான்மா இருக்கு," என்றார் பெரியவர், பேப்பரை இறக்காமல்.

சிரித்தபடி உள்ளே வந்தாலும் அவள் மனம் சிரிக்கவில்லை. அவளுடைய கம்பெனியில் கோடு போடும் வரை ஒருவர் பொறுப்பு, குழி தோண்டியதும் வேறொருவர் பொறுப்பு. மனை ஓரத்தில் தோண்டும் இயந்திரம் வந்து நின்றுவிட்டது. அது மண்ணில் கை வைத்ததும் இந்த வீட்டுக்கும் அவளுக்கும் ஒன்றுமில்லை. சாயங்காலம் வரும் போன்களும் நின்றுபோகும்.

அந்த போன்களைச் செய்வது பெரியவரின் சின்ன மகன், பல் டாக்டர். தினமும் ஒரு சந்தேகம் கேட்பான்.

"பிளின்த்னா என்னங்க?"

"தரைக்கு மேல, வீட்டுத் தளத்துக்குக் கீழ தெரியுற உயரம். மழைத்தண்ணி உள்ள வராம வீடு கொஞ்சம் எம்பி நிக்குதுல்ல, அது."

"ஓ, ஈறு!"

அடுத்த நாள் லிண்டல். கதவு, ஜன்னல் தலைக்கு மேல் படுத்திருக்கும் காங்கிரீட் சட்டம். மேலே இருக்கும் சுவரின் கனத்தை வாங்கி இரண்டு பக்கமும் இறக்கிவிடும் என்று அவள் விளக்கினாள். "அட, நாங்க கட்டுற பிரிட்ஜ்தான் அது! ரெண்டு பல்லு சுமக்கும், நடுவுல இருக்கிறது சொகுசா இருக்கும்!" என்று குதித்தான்.

கியூரிங்கில்தான் சண்டை வந்தது. காங்கிரீட் போட்டதும் காயவிடாமல் நாள்கணக்கில் தண்ணீர் ஊற்ற வேண்டும், அப்போதுதான் இறுகும் என்றாள். "பல் அடைச்சா ஒரு மணி நேரம் தண்ணியே குடிக்காதீங்கன்னு நான் சொல்றேன். நமக்குள்ள ஒத்தே வராது போலிருக்கே," என்றான். பிறகு அவனே பதறி, "வேலையில, வேலையில மட்டும் சொன்னேன்," என்றான். அன்றிரவு ஹாஸ்டல் அறைத் தரையில் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருந்தபோது, ஒரு கோடுகூட அவளுக்கு நேராக வரவில்லை. மேஜை இல்லாத குறை என்று மறுநாள் அவனிடம் சொன்னாள்.

அவன் இப்போது தன் அறைக் கோடுகளுக்குள் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு கட்டில். அதை ஒட்டி, செங்கல் அடுக்கின்மேல் படுக்கவைத்த ஒரு பழைய கதவு.

"இது என்ன டாக்டர்?"

"மேஜைங்க. இவ்வளவு பெருசு வேணும். பாருங்க, கோட்டுக்குக் கோடு கச்சிதமா இருக்கு. அண்ணிதான் அளந்தாங்க."

அண்ணி பெருமையாகத் தலையாட்டினாள். இன்ஜினியர் குனிந்து பார்த்தாள். கட்டில், கதவு, கோடு. சிரிப்பு பொங்கி வந்தது.

"வீடு பூரா இப்படித்தான் அளந்தீங்களா?"

"பூராவும். பீரோ, கட்டில், மாமாவோட சோபா எல்லாம். ஏன்?"

"நாங்க போட்டது சென்டர் லைன் அக்கா. இந்தக் கோடு சுவரோட நடுமுதுகு. சுவர் இதுக்கு ரெண்டு பக்கமும் வளரும். வெளிச்சுவர்ல பாதி உள்ள வரும், தடுப்புச் சுவர்ல பாதி உள்ள வரும், அதுக்கு மேல பூச்சு வேற. மிஞ்சுற தரைதான் கார்பெட் ஏரியா. கம்பளம் விரிச்சா எது வரைக்கும் விரியுமோ, அது வரைக்கும்தான் உங்க ரூம்."

"அப்போ மேஜை?"

"ஏறக்குறைய எட்டு அங்குலம் இடிக்கும்."

அவன் முகம் சுண்ணாம்பானது. "தடுப்புச் சுவரை நகர்த்தலாமா? அந்தப் பக்கம் ஹால்தானே?"

பேப்பர் சட்டென்று இறங்கியது. "யாரு ஹாலு? என் சோபா இருக்கிற ஹாலு. ஒரு அங்குலம் தரமாட்டேன்."

"இந்தச் சுவர் எதையும் தாங்கலை, சும்மா மறைப்புதான். பாரமெல்லாம் தூண் தாங்கிக்கும்," என்றாள் அவள். "தோண்டுறதுக்கு முன்னாடின்னா நகர்த்தலாம். தோண்டிட்டா பேச்சுக்கே இடமில்லை. ஆனா வீட்டுக்காரர் ஒத்துக்கணும்."

"காரணம் சொல்லட்டும், யோசிக்கிறேன்," என்றார் பெரியவர். "பல்லு புடுங்குறவனுக்குக் கதவு சைஸ்ல மேஜை எதுக்கு? ஆளைப் படுக்கவெச்சுப் புடுங்கப் போறியா?"

மேஸ்திரி நூலைச் சுற்றுவதை நிறுத்தினார். இயந்திரக்காரர் சாவியைத் திருகினார். இஞ்சின் உறுமியது. அவன் ஏதோ சொன்னான். யாருக்கும் கேட்கவில்லை.

"தம்பி, சத்தமா!" என்றாள் அண்ணி.

"வரைபடம் விரிக்க!" என்று கத்தினான். சரியாக அந்த நேரம் பார்த்து இஞ்சின் அணைந்து தொலைத்தது. அந்த வார்த்தை தெரு முழுக்கப் போயிற்று.

"நீ எப்படா வரைபடம் போட ஆரம்பிச்சே?" என்றார் பெரியவர்.

"நான் இல்லப்பா." அவன் காதுகள் சிவந்தன. அவளைப் பார்த்தான். "தரையில குப்புறப் படுத்து வரைஞ்சா முதுகு வலிக்கும்ல. ஜன்னல் வெளிச்சமும் இடதுபக்கமா வருது. அதான். அவங்களுக்குச் சம்மதம்னா."

எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள்கூட கிளிப்பைப் பல்லில் கடித்தபடி நின்றுவிட்டாள்.

அவளுக்கு உள்ளங்கால் தரையில் பாவவில்லை. பெல்ட்டிலிருந்து டேப்பை எடுத்தாள். அதன் ஒரு முனையை மேஸ்திரியிடம் கொடுத்தாள்.

"முளைக்குச்சியைப் பிடுங்குங்க மேஸ்திரி. ஹால் பக்கமா ஒன்றரை அடி தள்ளி அடிங்க."

"ஏம்மா, எட்டு அங்குலம்தானே சொன்னே!" என்று அலறினார் பெரியவர்.

"எட்டு அங்குலம் மேஜைக்கு மாமா. மிச்சம் எனக்கு. நாற்காலியைப் பின்னால தள்ள இடம் வேணாமா?"

பெரியவர் வாயைத் திறந்தார். மாமா என்ற சொல் உள்ளே போய் உட்காரச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு பேப்பரை மடித்து அக்குளில் சொருகிக்கொண்டு, "டேய் பல்லு, என்னடா மரமாட்டம் நிக்கிறே? வந்து சோபாவை ஒரு கை பிடி!" என்றார்.

அண்ணிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கையிலிருந்த டம்ளரை எறிந்துவிட்டு, குறுக்கே இருந்த இரண்டு அறைகளையும் ஒரே ஓட்டமாகக் கடந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அய்யோ, சுவரு!" என்று எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள்.